நோயெமி சொன்ன சிவப்புச் சொற்கள்

எஸ்தெலா ஒந்திவேரோஸ் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது ஜனவரி பிறந்து பத்து நாளாகியிருந்தது. ரியோ கிராந்தே ஆற்றின் டெக்சஸ் கரையில் சின்ன ஊர். வகுப்பில் இருபது பிள்ளைகள், எல்லாரும் ஐந்தோ ஆறோ வயது. காலையில் ஸ்பானிஷ், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆங்கிலம். முன்பு இருந்த மிஸ் பால்தேராஸ் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சான் அந்தோனியோவில் தங்கை வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. ஏன் என்று கேட்டதற்குத் தலைமையாசிரியை, "உடம்பு சரியில்லையாம்" என்றதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

பால்தேராஸ் வகுப்பைப் பொன்போல வைத்திருந்தார். கதவு, ஜன்னல், மேசை, கடிகாரம், கை கழுவும் தொட்டி என்று ஒவ்வொன்றிலும் இரண்டு சீட்டுகள். சிவப்பில் ஸ்பானிஷ், நீலத்தில் ஆங்கிலம். ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்ட ஒட்டி. அதன்மேல் பேசும் பேனாவின் முனையை வைத்தால், பேனாவுக்குள் பதிந்துவைத்த குரல் அந்தச் சொல்லைச் சொல்லும். நீலச் சீட்டுகளில் பால்தேராஸின் கரகரத்த குரல். சிவப்புச் சீட்டுகளில் ஒரு சிறுமியின் குரல், மணி மணியாக. யாரோ ஆசிரியையின் மகளாக இருக்கும் என்று எஸ்தெலா நினைத்துக்கொண்டாள்.

எஸ்தெலாவின் ஸ்பானிஷ் படித்துப் பெற்ற ஸ்பானிஷ். அவளுடைய அப்பா சிறுவனாக இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காக மரப்பலகையால் அடி வாங்கியவர். தன் பிள்ளை அந்த அடியை வாங்கக் கூடாது என்று வீட்டில் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேச்சே எடுக்கவில்லை. பிறகு அவள் கல்லூரியில் படித்துத் தேர்வெழுதி, சான்றிதழும் வாங்கினாள். நாக்குதான் வளையவில்லை.

முதல் வாரமே ஃபாபியான் என்ற பொடியன் போட்டு உடைத்துவிட்டான். "மிஸ், நீங்க டிவில வர்ற வெள்ளைக்காரன் மாதிரியே பேசுறீங்க!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எஸ்தெலாவும் சிரித்தாள். ஆனால் அது உள்ளே தைத்துவிட்டது.

அன்று முதல், மூன்று மணிக்குப் பேருந்துகள் போன பிறகு, அவள் பேனாவை எடுத்துக்கொண்டு சிவப்புச் சீட்டுகளைச் சுற்றிவந்தாள். கதவைத் தொட்டால், "புவெர்த்தா." ஜன்னலைத் தொட்டால், "வெந்தானா." சிறுமி சொல்வாள், அவள் திருப்பிச் சொல்வாள். சிறுமி அலுக்காமல் மறுபடி சொல்வாள். இப்படி இரண்டு வாரம் போனதில் நாக்கு கொஞ்சம் இளகியது. அந்தக் குரல்மேல் அவளுக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது.

ஒருநாள் அவள் கடிகாரத்தோடு பேசிக்கொண்டிருந்ததை வகுப்பு உதவியாளர் தோன்யா சேலோ வாசலில் நின்று பார்த்துவிட்டார். பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளியில் இருப்பவர்.

"யார்கிட்டப் பாடம் படிக்கிறேன்னு தெரியுமா பொண்ணே?"

"யாரு தோன்யா சேலோ? பால்தேராஸோட பொண்ணா?"

"அவங்களுக்கு ஏது பொண்ணு. இது நோயெமி. இந்த வகுப்புப் பிள்ளைதான். போன கோடையிலதான் ஆத்துக்கு அந்தப் பக்கத்து நாட்டுல இருந்து குடும்பமா வந்தாங்க. அவ ஸ்பானிஷ் அவ்ளோ சுத்தம். அதனால பால்தேராஸ் செப்டம்பர்ல எல்லாச் சீட்டையும் அவளையே சொல்ல வெச்சாங்க."

"இப்போ எந்த வகுப்புல இருக்கா?"

தோன்யா சேலோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "நவம்பர் விடுமுறைல, மாமா வண்டில போனப்போ, கரும்புக் காட்டுப் பக்கம் ஒரே மூடுபனி. எதிர்ல லாரி. அவ மட்டும்தான் போனா." கொஞ்சம் நிறுத்தி, "கேன்டீன்ல பால் கொடுக்குற ஒராலியா இருக்காளே, அவதான் அம்மா. இங்க குரல் இருக்கிறது அவளுக்குத் தெரியாது. சொல்லிடாதே. தாங்க மாட்டா."

எஸ்தெலா பேனாவை மேசைமேல் வைத்தாள். சூடான கரண்டியைக் கீழே வைப்பதுபோல வைத்தாள்.

செத்துப்போன பிள்ளையின் குரலை மற்றப் பிள்ளைகள் தினமும் கேட்பது நல்லதல்ல, எல்லாவற்றையும் தன் குரலில் பதிந்துவிட வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் அவளுடையது. பிள்ளைகள் வெறும் சாக்கு. மறுநாள் மாலை, கதவோரம் இருந்த சின்ன நாற்காலியிலிருந்து தொடங்கினாள். நாற்காலிக்கு ஸ்பானிஷில் "சீயா." பழைய பதிவை அழித்துத் தன் குரலைப் பதிந்தாள். ஒன்று முடிந்ததும் கை ஓய்ந்துவிட்டது. மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் அப்ரில் என்ற சிறுமி பேனாவோடு வந்து எஸ்தெலாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், நோயெமி ஏன் நாற்காலியில இல்ல?"

"என்னது?"

"ஜன்னல்ல இருக்கா. கதவுல இருக்கா. நாற்காலியில மட்டும் நீங்க இருக்கீங்க."

"போய் உட்காரு கண்ணு" என்று எஸ்தெலா அவளை அனுப்பிவைத்தாள். அதற்குமேல் எந்தச் சீட்டிலும் அவள் கைவைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வியாழக்கிழமை, காலைப் பாடத்தின் நடுவில் ஃபாபியான் நாற்காலியைத் தொட்டான். "சீயா" என்றது பேனா.

சிறுமியின் குரல்.

பிள்ளைகள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபாபியான் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டான். பிள்ளைகள் மைதானத்துக்குப் போன நேரத்தில் எஸ்தெலாவே போய்த் தொட்டாள். அதே குரல்தான். ஆனால் மற்றச் சீட்டுகளில் இருப்பதுபோல மணியாக இல்லை. முதல் எழுத்தில் காற்றுக் கசிந்து, மெல்லிய விசில்போலக் கேட்டது.

"நீங்க ஏதாவது பண்ணீங்களா தோன்யா சேலோ? பழைய பதிவு எங்கயாவது இருந்துச்சா?"

"எனக்கு என் போனையே ஆன் பண்ணத் தெரியாது. நான் எங்க போய்ப் பேனாவுல கைவெப்பேன்?"

எஸ்தெலா மறுபடி அழித்துத் தன் குரலைப் பதிந்தாள். நான்கு முறை தொட்டுத் தன் குரல்தான் என்று உறுதி செய்துகொண்டு, பேனாவை இழுப்பறையில் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வரும்முன் திறந்து தொட்டாள். விசிலோடு, "சீயா." சொல்லி முடித்த பிறகு ஒரு மூச்சும் கேட்டது. ஓடிவந்து நின்ற பிள்ளை விடும் மூச்சு.

அன்று மதியம் பால் வரிசையில் ஒராலியா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒராலியாவுக்குத் தலையில் வலை, கையில் உறை, கண்ணுக்குக் கீழே கருப்பு. முப்பது வயதுகூட இருக்காது.

"என்ன மிஸ், வெளிறிப்போய் இருக்கீங்க? சாப்பிடுறீங்களா இல்லையா?"

தன்னைவிட நொந்துபோன ஒருத்தி தன்னைப் பார்த்து அப்படிக் கேட்டதை எஸ்தெலாவால் தாங்க முடியவில்லை. "வேலை முடிஞ்சதும் என் வகுப்புக்கு வர முடியுமா, ஒராலியா? நோயெமி விஷயமா" என்றாள்.

ஒராலியாவின் கையிலிருந்த பால் பெட்டி கொஞ்சம் நசுங்கியது. அவ்வளவுதான்.

மூன்றரை மணிக்கு அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தாள்.

"மகளோட குரல் இதுல இருக்கு. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. சொல்லாம இருக்க மனசு வரல" என்றாள் எஸ்தெலா.

ஒராலியா பேனாவை வாங்கிக்கொண்டாள். கதவு. ஜன்னல். கடிகாரம். மேசை. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடவைதான் வைத்தாள். அழவில்லை. சந்தைக்குப் போன இடத்தில் தெரிந்தவர்களைப் பார்த்துத் தலையசைப்பதுபோல ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை அசைத்தாள். வெளியே கார் நிறுத்துமிடத்து மரங்களில் கருங்குருவிகள் ஒரே இரைச்சலாகக் கத்திக்கொண்டிருந்தன.

நாற்காலியருகே வந்ததும், "அது வேண்டாம்" என்று எஸ்தெலா சொல்ல வாயெடுப்பதற்குள் ஒராலியா தொட்டுவிட்டாள்.

"சீயா."

ஒராலியா அப்படியே குந்தி உட்கார்ந்தாள். மறுபடி தொட்டாள்.

"இது எப்போ பதிஞ்சது, மிஸ்?"

"எல்லாம் செப்டம்பர்லதான்."

"இல்ல."

"தோன்யா சேலோ அப்படித்தான்..."

"இல்ல மிஸ். விடுமுறை ஆரம்பிச்ச அன்னைக்கு, புதன்கிழமை சாயங்காலம், கரும்பைக் கடிச்சு முன்பல்லு ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு. அதுக்கப்புறந்தான் இப்படிக் காத்து போச்சு. 'அம்மா, என் வாயில பாம்பு இருக்கு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. சனிக்கிழமை போயிட்டா. பல்லில்லாம அவ இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்ல."

எஸ்தெலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, தான் அழித்ததையும் அது திரும்பி வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது தன் ஸ்பானிஷ் இடறுகிறதா என்றுகூட நினைக்கவில்லை.

"அம்மான்னு கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றாள் ஒராலியா. "நாற்காலியப் பத்தி இவளுக்கு என்ன?"

"அதைத்தானே நான் அழிச்சேன்."

"ஆமா." ஒராலியா எழுந்தாள். கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அவ பொருளை யாராவது எடுத்தா விடமாட்டா. பிடுங்கித் திரும்ப அங்கயே வெப்பா."

அதற்குப் பிறகு எஸ்தெலா எதையும் அழிக்கவில்லை. தினமும் மூன்றரைக்கு ஒராலியா வருவாள். பல்லிருந்த காலத்தில் மகள் சொன்ன சொற்கள் பக்கம் போகமாட்டாள். நாற்காலியை மட்டும் ஒருதடவை தொடுவாள், கேட்பாள், "வரேன் மிஸ்" என்று போய்விடுவாள். எஸ்தெலாவுக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அந்த ஐந்து நிமிடமும் அவள் ஏதாவது தாளைத் திருத்துவதுபோலக் குனிந்தே இருப்பாள். ஒருமுறை, ஒராலியா பேனாவை வைப்பதற்கு முன்பே அந்த மூச்சு கேட்டதுபோல அவளுக்குத் தோன்றியது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

மார்ச் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு, பேனா நின்றுவிட்டது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. பேட்டரி மாற்றினாள். பள்ளிக்குக் கணினி பார்க்க வருபவரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். உள்ளே எதுவுமே பதிவில் இல்லை, புதுப் பேனா மாதிரி இருக்கிறது என்று அவர் கையை விரித்தார். அன்று மூன்றரைக்கு எஸ்தெலா காத்திருந்தாள். ஒராலியா வரவில்லை.

புதன்கிழமை மதியம், பிள்ளைகளை வரிசையில் முன்னே விட்டுவிட்டு, எஸ்தெலா கடைசியாகப் போய் நின்றாள்.

"ஒராலியா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்தப் பேனா..."

"தெரியும் மிஸ்."

"யாரு சொன்னாங்க?"

ஒராலியா அவள் தட்டில் பாலை வைத்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு அப்படியே இருந்தது. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்தவளின் முகம்.

"நேத்து ரெண்டு மணிக்கே மனசுல ஏதோ ஆச்சு. சொல்லிட்டுச் சீக்கிரமே வீட்டுக்குப் போயிட்டேன்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சமையலறையில நாற்காலியெல்லாம் மேசையை விட்டுத் தள்ளித் தள்ளிக் கிடந்துச்சு. நான் காலையில சரியா வெச்சு, வீட்டைப் பூட்டிட்டு வந்தது. வீட்டுக்கு வந்துட்டா, மிஸ்."

பின்னால் வேறு வகுப்பிலிருந்து யாரோ பால் கேட்டார்கள். ஒராலியா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எஸ்தெலா தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, தன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நீள மேசைக்கு நடந்தாள். ஃபாபியான் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தான்.