காரம் கொண்டு கழுவுதல்

நீல வாளி நிறைய ஒன்பது நிமிடம் எடுத்தது. போன மாதம் நான்கு. நேசம் கொப்பியில் ஒன்பது என்று எழுதிவிட்டு தண்ணீர் வடிக்கும் இயந்திரத்தை நிற்பாட்டினாள்.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள், முன்பு மரம் விற்கும் மரக்காலையாக இருந்த கட்டிடத்தில், பாயிஸ் முதலாளியின் குடிதண்ணீர்ப் போத்தல் கம்பனி நடந்தது. கிணற்றுத் தண்ணீர் மணலையும் கரியையும் கடந்து, கடைசியில் வெள்ளைக் குழாய்களுக்குள் சுருட்டி வைத்திருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்குள்ளால் கசிந்து வெளியே வரும். ஒக்டோபர் மழை தொடங்கிய நாளிலிருந்து கிணற்றில் இலை ஊறிய நிறம். அந்த ஊறல் தாளின்மேல் ஆடையாகப் படிந்து நாளுக்கு நாள் தடித்துக்கொண்டிருந்தது.

அவள் கழுவாமல் இல்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமையும் கழுவினாள். மளிகைக் கடையில் கிடைக்கிற சிற்றிக் அமிலத்தைக் கரைத்து ஓடவிட்டாள். ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் வாளி இன்னும் மெதுவாகத்தான் நிறைந்தது. ஏனென்று அவளுக்குத் தெரியும். அமிலம் சுண்ணாம்புப் படிவுக்கு. இலைச் சாற்றில் அமிலம் பட்டால் அது இறுகித் தாளோடு ஒட்டிவிடும். அதற்குக் காரம் வேண்டும், கோஸ்டிக் சோடா. அவளுடைய தகப்பன் வேலை செய்த பரந்தன் தொழிற்சாலையில் செய்ததே அதைத்தான். சின்ன வயதில் சோறு, பருப்பு மாதிரிக் காதில் விழுந்த சொல். இப்போது அடையாள அட்டையில், சண்டை நடக்கும் வடக்கிலுள்ள பரந்தன் முகவரியை வைத்துக்கொண்டு, புறக்கோட்டையில் ஒரு தகரம் இரசாயனம் வாங்கி, இரசாயனம் என்றாலே குண்டுக்கோ என்று சந்தேகிக்கும் மூன்று சோதனைச் சாவடிகளைக் கடப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜூன் மாதம் பொலிஸ், கொழும்பில் காரணமில்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்கே வவுனியாவுக்கு அனுப்பியபோது, வெள்ளவத்தையில் டோரின் என்ற வீட்டுக்காரியிடம் வாடகைக்கு எடுத்த அறையில் அவள் தப்பியிருந்தது கம்பனி கொடுத்த கடிதத்தால். கொழும்பில் அவளுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லும் ஒரே தாள் அது.

பாயிஸ் முதலாளி கொப்பியைப் பார்த்தார்.

"ஒம்பதா? நேத்து எட்டுதானே ஈந்திச்சு?"

"ஓம்."

"புது மெம்பிரேன் வர மூணு மாசம் போகும். அதுவரைக்கும் கடைக்காரன் நமக்காகத் தாகத்தோட ஈப்பானா? இந்தக் கெழமைக்குள்ள சரிவராட்டி மூடிடுவோம், மிஸ்."

"அப்ப என்ர கடிதம்?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மூடின கம்பனிக்கு எப்பிடிக் கடிதம் எழுதுற? பொலிஸ் வந்து பாத்தா பூட்டுத்தானே ஈக்கும்."

நேசம் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான் பிழையான மருந்தாலதான் கழுவினனான்."

"தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

ஏனென்றும் அவளே சொல்ல வேண்டியிருந்தது. கோஸ்டிக், புறக்கோட்டை, சாவடி, பரந்தன். சொல்லச் சொல்ல அது ஒரு காரணம் போலவே இருக்கவில்லை.

"ஒங்கள யாரு போகச் சொன்ன? எனக்கு ஒரு வார்த்த செல்லீந்தா நம்ம லொறிக்காரன் சாந்தவ அனுப்பீப்பேனே."

"அந்த மருந்தின்ர பேரைத் துண்டுக் கடதாசியில எழுதவும் பயமாயிருந்தது, முதலாளி. துண்டு என்ர கையெழுத்தில தானே இருக்கும்."

பாயிஸ் முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் மேசையில் கிடந்த பில் புத்தகத்தை எடுத்து, பின்பக்கத்தில் தன் கையாலேயே கோஸ்டிக் சோடா என்று எழுதிக் கிழித்து, லொறி ஓட்டும் சிங்களவனான சாந்தவைக் கூப்பிட்டார்.

நாற்பது நிமிடத்தில் சாந்த திரும்பி வந்தான். தகரம் அவன் மோட்டார் சைக்கிளில் கால்களுக்கு நடுவே இருந்தது. அதன்மேல் மீன் வைத்த மாலு பாண் பை.

"வழியில மறிச்சவங்களா?" என்று நேசம் கேட்டாள்.

"இல்ல மிஸ்."

"கடையில ஒண்டும் கேக்கேல்லையா?"

சாந்த தமிழைத் தேடிப் பிடித்தான். "கேட்டாங்க மிஸ். பேக் வேணுமா, வேணாமாண்டு."

பாயிஸ் முதலாளி சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். நேசத்துக்கும் சிரிப்பு வந்தது; தகரத்தை இறக்கும்போது போய்விட்டது. நான்கு ஞாயிறு. நான்கு முறை அவளே இறுக்கிய ஆடை.

கையுறை போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் தகரத்திலிருந்த சோடாச் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தாள். தகப்பனின் சட்டையில் வந்த மணம்தான். பம்பைப் போட்டுக் குழாய்களுக்குள் சுற்றவிட்டாள். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை, திரும்பி வரும் கரைசலில் ஒரு கிளாஸ் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். முதலாவதில் நிறமில்லை. இரண்டாவது மெல்லிய மஞ்சள். மூன்றாவதைப் பார்த்து சாந்த "பிளேன் டீ" என்றான். நான்காவது அதைவிடக் கறுத்தது. ஐந்தாவது இன்னும் கறுத்தது.

"கழண்டு வருதா, மிஸ்?"

"வருது."

"எல்லாம் வருமா?"

அவள் அடுத்த கிளாஸைத் துடைத்தாள். பாயிஸ் முதலாளி நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போனார். சாந்த மாலு பாணில் ஒன்றை அவளுக்கு வைத்துவிட்டு லொறியைக் கழுவப் போனான். பம்பின் சத்தம் மட்டும் இருந்தது. நேசம் ஆறாவது கிளாஸை எடுத்து ஐந்தாவதின் பக்கத்தில் வைத்தாள். பிறகு இரண்டையும் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். எது கூடக் கறுப்பு, ஊறல் இன்னும் கழன்று வருகிறதா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. இடம் மாற்றிப் பிடித்தாள்.