ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தியவன்

ஒரு பார்சல் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு நான் பொறுப்பாளன். கல்யாணப் பேச்சின்போது "சர்வர் ரூம்ல இருக்கேன்" என்று நான் சொன்னதைக் கேட்டு, மாமனார் "எந்த ஓட்டல், மாப்பிள்ளை?" என்று பரிவோடு விசாரித்தார்.

அந்தக் காயத்தை ஆற்றியவை என் ஒன்பது சர்வர் பெட்டிகள். பில்லுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு வேலை. முக்கால்வாசி நேரம் சும்மா உறுமிக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் ஒரு ஒட்டுதல்.

கிடங்குக்கு இடம் போதாமல் முதலாளி என் அறைமேல் கண் வைத்தார். இதே தொழிலில் இருக்கும் என் தங்கையைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு நல்ல சர்வர் போதும். இந்த ஒன்பதையும் அதுக்குள்ள விர்ச்சுவல் மெஷினா ஓட்டிடலாம்."

"ஒரு உறையில ரெண்டு கத்தியே இருக்காது. நீ ஒன்பதைச் சொருகப் பாக்கறே" என்றேன்.

"கத்தி இல்லண்ணா, குடித்தனம். ஒரே வீடு, பல போர்ஷன். அவங்கவங்களுக்குத் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஒரு போர்ஷன்ல குழாய் உடைஞ்சா மத்தவங்க நிம்மதியாத் தூங்கலாம்."

"வீடே இடிஞ்சா?" என்று மடக்கினேன்.

"அதுக்குத்தான் ரெண்டாவது வீடு. ஒவ்வொரு மெஷினும் வெறும் ஃபைல்தானே? காப்பி எடுத்து வச்சு அங்க ஓட்டிக்கலாம்."

ஒரு விடுமுறை நாளில் இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். பழைய பெட்டிகளை அணைத்துவிடலாம் என்றாள். "பாதுகாப்புக்குக் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்றேன். விளக்குகள் மினுக்காவிட்டால், வருகிறவர்களிடம் காட்ட அந்த அறையில் என்னைத் தவிர வேறொன்றும் இருக்காதே.

ஒரு நாள் காலை, பழைய பில் பெட்டி கருகல் நாற்றத்தோடு அணைந்தது. நான் கவுண்டருக்கு ஓடினேன். அங்கே நீண்ட வரிசை.

"நிறுத்துங்க. சர்வர் போயிடுச்சு."

பில் போடும் அக்கா விசைப்பலகையிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை. "எனக்கு ஓடுதே, சார்."

"ஓடாதுங்க."

"இப்பத்தானே ஒண்ணு பிரிண்ட் ஆச்சு."

"அது கடைசி மூச்சு."

அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். வேலையெல்லாம் புது இடத்துக்குக் குடிபோயிருந்தது. என் மூளை மட்டும் பழைய வீட்டிலேயே இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குள் நுழைந்து, பில் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவப் பார்த்தேன். பாதியில் எல்லாம் நின்றது. இப்போது நிஜமாகவே ஓடவில்லை. நான் சொன்னது பலித்ததில் ஒரு கணம் திருப்திகூட வந்தது.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்ததும் தங்கைக்கு போன் செய்தேன்.

"புகைஞ்சது எந்தப் பெட்டி?"

"பழைய பில் பெட்டி."

"அதுல எதுவுமே இல்லியே. நாம ரெண்டு பேரும் உக்காந்துதானே மாத்தினோம். எதையாவது தொட்டியாண்ணா?"

தொட்டதைச் சொன்னேன்.

"சரி, விடு. ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னாடி அதுவே தானா ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கும். மெஷின் அப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். அதுக்குத் திரும்பிப் போ."

அவள் சொன்ன இடத்தில் சொடுக்கினேன். ஒரு காபி ஆறுவதற்குள் மெஷின் காலை நிலைமைக்கு வந்து நின்றது, நான் அதன் வாழ்க்கையில் குறுக்கிடவே இல்லை என்பதுபோல. அன்று காலை போட்ட பில்களை மட்டும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. நான் நகல்களை வாசிக்க, அக்கா அடித்தார். நடுநடுவே என் உச்சரிப்பையும் திருத்தினார்.

சாயங்காலம் முதலாளி வந்தார். "காலைல என்னமோ நின்னுச்சாமே? எதனால?"

மின்சாரம், தூசி என்று இரண்டு காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாலதாங்க" என்றேன்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லைங்க."

"அப்பச் சரி" என்று நிம்மதியாகப் போய்விட்டார்.

மறுநாள் மீதி எட்டுப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். உறுமல் அடங்கியதும், வெளியே லாரிகள் பின்னால் வர வழிகாட்டுகிறவர்கள் "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பது கேட்டது. இத்தனை வருஷம் அது என் காதில் விழுந்ததே இல்லை.