பிரபாவதியின் இரண்டாவது மணி நேரம்

பிரபாவதி என்று ஒருத்தி எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும் சட்டப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நடுவில் அவளுக்கு நல்ல இடம் இருந்தது. அவள் படித்த கைபேசிச் செயலி வாரா வாரம் அவளைப் பெயர் சொல்லிப் பாராட்டும். 'இப்படியே எழுதினால் உனக்கு இடம் நிச்சயம், பிரபாவதி' என்று பச்சை எழுத்தில் காட்டும். அதைப் பார்த்துவிட்டு விழுப்புரத்தில் ஒருத்தியும் திண்டிவனத்தில் ஒருத்தியும் சிரித்துக்கொள்வார்கள். இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரபாவதி.

விழுப்புரத்துக்காரி கலைப்பிரியா. திண்டிவனத்துக்காரி ஆரோக்கியசெல்வி. பத்தாவது வரை இருவரும் திண்டிவனத்தில் ஒரே பெஞ்சு. கிளியனூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போட்டுக்கொண்டிருந்த கலையின் அப்பா சக்கரபாணி, விழுப்புரத்தில் உரக்கடை வைக்கப் போய்க் குடும்பத்தையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெண் நீதிபதி வந்து பேசினார். என்ன பேசினார் என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. அந்த அம்மா உள்ளே வந்ததும் தலைமையாசிரியர் பதறியடித்து எழுந்து நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கே வக்கீலாவது என்று முடிவாகிவிட்டது.

இப்போது பன்னிரண்டாவது. செயலிக்கு இருவரும் சேர்ந்துதான் சந்தா கட்டினார்கள். கணக்குத் தொடங்க ஒரே ஒரு பெயரைத்தான் அது கேட்டது. "உன் பேரப் போடு", "வேணாம்டி, உன் பேரப் போடு" என்று கொஞ்ச நேரம் போனது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பஞ்சாயத்து. எதிரே ஒரு தையல் கடைப் பலகையில் பிரபாவதி என்று எழுதியிருந்தது. போட்டுவிட்டார்கள்.

சனி, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மாதிரித் தேர்வு, மொத்தம் இரண்டு மணி நேரம். முதல் மணி நேரம் செல்வியுடையது: ஆங்கிலம், பொது அறிவு, சட்டம். ஆறு மணிக்கு அவளுடைய அப்பா சவுரிராயன் அரிசி ஆலைக்கு இரவுக் காவலுக்குக் கிளம்புவார், வீட்டில் இருக்கிற ஒரே போன் அவரோடு போய்விடும் என்று செல்வி சொல்லியிருந்தாள். அதனால் ஆறாகும்போது எழுதியதை அப்படியே நிறுத்திவிட்டு, 'ஏறு' என்று ஒரு வார்த்தை அனுப்புவாள். கலை தன் போனில் அதே கணக்கைத் திறப்பாள். விட்ட இடத்தில் கேள்வி காத்துக்கொண்டிருக்கும். தர்க்கமும் கணக்கும் கலையுடையது.

அந்த 'ஏறு' வருவதற்கு முந்தின ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் கலைக்கு வாரத்திலேயே பிடித்த நேரம். ஜன்னலோரம் படுத்துக்கொண்டு பிரபாவதியை நினைப்பாள். பிரபாவதிக்குச் செல்வியின் தடித்த பின்னல், கலையின் தெற்றுப்பல். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு வருவதற்குள் இடது பக்கம் வயலுக்கு நடுவில் ஒரு நீலச் சுவர் வீடு வரும். அதுதான் அவள் வீடு. வாசலில் யாரையும் கலை பார்த்ததில்லை. கொடியில் காயும் பாவாடையைப் பார்த்திருக்கிறாள். பிரபாவதி எங்கோ தூரத்து ஊரில் பெரிய மரங்கள் நிற்கிற கல்லூரிக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பாள். வழியனுப்ப நாலு பேர் நிற்பார்கள், இரண்டு அப்பா, இரண்டு அம்மா. இந்த இடத்தில் கலைக்குத் தூக்கம் வந்துவிடும். போன் கிணுகிணுத்து எழுப்பும்.

அரைத் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து அவள் போடும் கணக்குகள் தப்பவே தப்பாது. நமக்குள் இருக்கட்டும், கலைக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பாவம் செல்வி, நான் இல்லாவிட்டால் ஆறு மணியோடு அவள் பரீட்சை முடிந்துபோகும் என்று நினைத்துக்கொள்வாள். செல்வியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதையும் தன் பெருந்தன்மையில் சேர்த்துக்கொண்டாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நன்றாக எழுதுகிறவர்களோடு ஆலோசகர் வீடியோவில் பேசுவார் என்று செயலியில் அழைப்பு வந்தது. பிரபாவதியோடு பேசச் சனிக்கிழமை மத்தியானம் நேரம் கொடுத்திருந்தார்கள். செல்வி பஸ் ஏறி விழுப்புரம் வந்துவிட்டாள். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்கள். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று ஒரு பொய். அந்தப் பக்கம் கோகுலகிருஷ்ணன் என்று ஒருவர், குரலிலேயே நல்ல மனிதர் என்று தெரிந்தது.

"பிரபாவதி, உங்க டெஸ்ட் எல்லாத்தையும் பாத்தேம்மா. எனக்கு ஒரு ஆச்சரியம். ஒரு மணி நேரம் ஆனா எல்லாரும் டயர்டாயிடுவாங்க. நீங்க அப்பதான் புதுசா எழுந்து வர்ற மாதிரி வர்றீங்க. வேற ஆளாவே ஆயிடறீங்க. எப்படிம்மா?"

கலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்வி அவள் தொடையில் கிள்ளினாள். யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள், கலைதான். பாராட்டு இன்னும் கொஞ்சம் வரட்டும் என்ற ஆசையில் அவள் கேட்டாள்:

"சார், சும்மா ஒரு டவுட்டு. மொத மணி நேரத்துல எழுதற பொண்ணே முழுசா எழுதினா என்ன ஆகும்? ரெண்டாவது மணி நேரத்துப் பொண்ணே முழுசா எழுதினா?"

அவருக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "முதல் பொண்ணுக்கு மேக்ஸ் எப்படியோ தெரியல. ஆனா ஆங்கிலம், பொது அறிவு, சட்டம், இதுலதான் பெரும்பாலான மார்க்கே இருக்கு. மிச்சத்தக் கொஞ்சம் ப்ராக்டிஸ் பண்ணா எங்கியாவது சீட் வாங்கிடுவா. ரெண்டாவது பொண்ணு..." என்று கொஞ்சம் நிறுத்தினார். "அவ சின்ன செக்‌ஷன்ல மட்டும்தாம்மா ராணி. பேசேஜ் எதையும் அவ படிச்சே நான் பாக்கல. அவ தனியா போனா கஷ்டம். வீட்லயே தூங்கலாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"சார், அவ தூங்கி எழுந்து எழுதறதுதான் சார் இந்த மார்க்கே" என்றாள் செல்வி சட்டென்று.

"யாரும்மா அது?"

"என் ஃப்ரெண்டு சார்" என்றாள் கலை. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

செல்வியைப் பஸ் ஏற்றிவிடக் கலை கூடப் போனாள். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: "இன்னிக்கி டெஸ்டு இல்ல. நாளைக்கிதான் கடைசி டெஸ்டு. நான் மொத மணி நேரம் எழுதறேன்."

அப்படி எழுதினால் செல்விக்கு ஒன்றும் கிடைக்காது. ஆறு மணிக்கு போன் போய்விடுமே. கலைக்கு அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்தேதான் கேட்டாள். ரோஷம் கண்ணை மறைத்திருந்தது.

"முழுசும் நீயே எழுது" என்றாள் செல்வி. "நிஜமாதான் சொல்றேன். ஜல்தியா வீட்டுக்குப் போ, மழ வர்ற மாதிரி இருக்குது."

ஞாயிறு ஐந்து மணிக்குக் கலை அந்த முதல் மணி நேரத்துக்குள் போனாள். யாரோ குடியிருந்த வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தது மாதிரி இருந்தது. ஆங்கிலப் பத்தியில் ஒரு ஆறு வந்தது. அதன் கரையில் ஒரு கிழவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். கலை ஆற்றோடு கொஞ்ச தூரம் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கேள்விகள் அப்படியே நின்றுகொண்டிருந்தன. சட்டப் பகுதியில் ஒருவன் அடுத்தவன் தோட்டத்துக்குள் மாங்காய் பொறுக்கப் போனான். அவன் தப்பு செய்தானா என்பது கேள்வி. கலைக்கு அவன் வீட்டில் யார் ஊறுகாய் போடப்போகிறார்கள் என்று தோன்றிக்கொண்டிருந்தது. ஆறு மணியானபோது பாதிகூட முடியவில்லை. பிறகு அவசர அவசரமாக ஓடி, கடைசியில் தன்னுடைய கணக்குக்கு வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த கணக்குகள், ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பிரபாவதியின் மதிப்பெண் தொபீரென்று விழுந்தது. 'உடம்பு சரியில்லையா, பிரபாவதி?' என்று செயலி விசாரித்தது. கலை போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு அழுதாள். ஆலோசகர் சொன்னது உண்மை. அவள் தனியாக ஒன்றும் இல்லை. அதைவிடப் பெரிய வேதனை, செல்வியின் கடைசித் தேர்வையும் அவள் தின்றுவிட்டாள்.

மறுநாள் மழைக்காகப் பள்ளிகளுக்கு மாவட்டம் முழுக்க விடுமுறை. ராத்திரி முழுக்க யோசித்துக் கலை ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தன் போனைப் பரீட்சை முடியும்வரை செல்வியிடம் கொடுத்துவிடுவது. அப்போதாவது அவள் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம். அம்மா அம்சாவிடம் திண்டிவனத்தில் ஒரு கேள்வித்தாள் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, போனைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்ணாடியெல்லாம் நீர் வழிந்தது. கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் நீல வீடு தெரிகிறதா என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். வயலும் வானமும் ஒரே சாம்பலாகக் கிடந்தன. வீட்டைக் காணோம்.

செல்வியின் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் சவுரிராயன் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகம்.

"வாம்மா கலை. மழையில நனைஞ்சிக்கினு வர்ற? உள்ள போ, அவ படிச்சிக்கினு இருக்குது."

அவர் சட்டைப் பையில் ஒரு போன் அடித்தது. எடுத்தார். தேய்ந்துபோன பட்டன் போன். ஆலையிலிருந்து யாரோ. பேசி முடிக்கும்வரை கலை அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், உங்க பெரிய போனு?"

"பெரிய போனா? அது அவளுதும்மா, படிக்கறதுக்குன்னு வாங்கினது. வாட்ச்மேனுக்கு இன்னாத்துக்கு அது? நான் அத ஒருநாளும் தொட்டதில்ல. ராத்திரில டார்ச்சு அடிக்கணும், கூப்பிட்டா பேசணும், அதுக்கு இது போதும்."

கலை உள்ளே போனாள். செல்வி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். கலையின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஆறு மணிக்கு அப்பா எடுத்துக்கினு போறாருன்னு சொன்ன."

செல்வி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குப் பிச்ச போட்டியாடி இவ்ளோ நாளா?"

"அப்படிச் சொல்லாத கலை. நீ விழுப்புரம் போனப்புறம் மொதல்ல தெனம் பேசின. அப்புறம் வாரத்துக்கு ஒரு வாட்டி. அப்புறம் அதுவும் இல்ல. புது ஸ்கூலு, புது ஃப்ரெண்ட்ஸு. இந்த டெஸ்டு வந்தப்புறம்தான் திரும்ப வந்த. எல்லாத்தையும் நானே எழுதிட்டா உனக்கு இங்க இன்னா வேல இருக்கும்? அதான் பாதிய வெச்சேன்."

மழை ஓட்டின் மேல் தடதடவென்று விழுந்தது. இத்தனை மாதமாகத் தான் செல்வியைத் தூக்கிக்கொண்டு நடப்பதாகக் கலை நினைத்திருந்தாள். செல்வியோ தன் பரீட்சையில் பாதியை வெட்டி, இவள் உட்கார இடம் போட்டு வைத்திருந்தாள்.

"அப்ப மேக்ஸு?" என்றாள் கலை மெதுவாக.

"தெரியல. எழுதிப் பாத்ததே இல்லியே."

பரீட்சை வருகிற ஞாயிறு. கலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் போனை எடுத்துப் பிரபாவதியின் கணக்கிலிருந்து வெளியேறினாள். செல்வியை அவள் போனில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி, அவள் மாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ?" என்றாள் செல்வி.

"ஹால் டிக்கெட்டு வந்துச்சே, போயி எழுதிட்டுத்தான் வருவேன். ஆனா எனக்கு அடுத்த வருசம்தான்டி. என் பேர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிக்கறேன், மொத பாடத்துலேந்து. நீ இப்ப ஆப்புல எழுதாத டெஸ்டு ஒண்ண எடுத்து முழுசா போடு. நான் இங்கியே உக்காந்திருக்கறேன்."

செல்வி தொடங்கினாள். கலை சுவரில் சாய்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கும்போது செல்வியின் புருவம் லேசாக நெளியும், உதடு அசையும், ஒரு பத்தி முடிந்ததும் ஒரு பெருமூச்சு. இந்த முதல் மணி நேரத்தைக் கலை ஒருநாளும் பார்த்ததில்லை. அது நடக்கும்போதெல்லாம் அவள் ஜன்னலோரம் கனவு கண்டுகொண்டிருந்தாள். எவ்வளவு வேகமாகவும் எவ்வளவு அமைதியாகவும் படிக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு மணி நேரம் ஆனது. செல்வி நிமிர்ந்தாள். பழக்க தோஷத்தில் அவள் கை போனைக் கலையின் பக்கம் நீட்டியது. கலை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எழுது."

செல்வி போனைத் திரும்ப மடிக்குக் கொண்டுபோனாள். தர்க்கத்தில் தட்டுத்தடுமாறி, கணக்குக்கு வந்தாள். சதவீதக் கணக்கு ஒன்று. விரல்விட்டு எண்ணினாள், மேலே பார்த்தாள், மறுபடியும் எண்ணினாள். அவள் விரல் தப்பான விடையின் மேல் போய் நின்றது. கலைக்கு விடை தெரியும். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

செல்வி அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். கலை வாசல் பக்கம் திரும்பி, மழையைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டாள். பேசாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.