வெட்டும் வேளை

கீழ்க்கடலில் எழுந்த காற்று சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரத்தைத் தழுவி, கச்சேரி சாலையின் புழுதியைக் கிளப்பி, மயிலைத் திருக்குளத்து நீரை மடிப்பு மடிப்பாய்ப் பட்டு விரித்தாற்போல் அலைத்து ஓய்கின்ற மாலைப்பொழுது. உலகப் பெரும்போரின் நான்காம் ஆண்டாதலால் தெருவிளக்குகள் கருந்தாள் முகமூடி அணிந்திருந்தன. துணிக்கடை அடுக்குகளோ அறுவடை முடிந்த வயல்போல் வெறுமையுற்றுக் கிடந்தன. அச்சாலையில், பள்ளிவாசலுக்கு அணித்தாய், ஷரஃபுதீனின் தையற்கடை திறந்திருந்தது. நடந்தது என்று சொல்வதற்கில்லை.

துணி வெட்டுவதில் அவருக்கு நிகரில்லை என்பதை மயிலையும் ஆழ்வார்பேட்டையும் ஒருங்கே ஒப்புக்கொண்டிருந்தன. ஆனால் அவர் கூலிக்கு ஆள் வைத்தவரல்லர். தொழில் பழக வந்தவர்களையே வைத்தார். "இதைவிட ஆதாயம் வேறில்லை, வாத்தியாரே," என்று அடுத்த வீட்டு ஆசிரியர் பிலிப்பிடம் விரித்துரைப்பார். "பாதிக் கூலி, முழு வேலை. நம் சொல்லுக்குப் பழகிவிடுவான். கற்று முடிக்காதவன் வேறு கடைக்கு எப்படிப் போவான்?"

"முடிக்காமலே பார்த்துக்கொள்கிறீர் என்று சொல்லும், பாய்," என்பார் பிலிப். இருவரும் சிரிப்பார்கள்.

உண்மையும் அதுவே. துணிமேல் சுண்ணக்கட்டி வைக்கும் வேளை வந்ததும், ஷரஃபுதீன் தலைநிமிராமலே இடக்கையைத் தூக்கி விரல்களை அசைப்பார். உடனே, தொழில் பழக வந்த கபாலி பித்தளைத் தூக்கை எடுத்துக்கொண்டு தேநீர் வாங்கப் புறப்பட்டுவிடுவான். அவன் திரும்புகையில் துணி துண்டு துண்டாகித் தையலுக்குக் காத்திருக்கும். மீசை அரும்பாத வயதில் வந்து, இன்று இரு குழந்தைகளுக்குத் தந்தையாகிவிட்ட அவனது தையல் எறும்பு வரிசைபோல் நேரானது. ஆயினும் முழுத்துணியில் கத்தரி இறங்குவதை அவன் ஒருநாளும் கண்டதில்லை.

ஆடித் திங்களில் வந்த வாதம் ஷரஃபுதீனின் வலக்கையையும் நாவையும் ஒருசேரக் கட்டிப்போட்டது. அறிவு மட்டும் காற்றில்லா அறையில் சுடர்போல் அசையாமல் எரிந்தது. வாடிக்கையாளர் ஒவ்வொருவராய் விலகினர். எஞ்சியவர் ராஜநாயகம் ஒருவரே. மகன் வால்டரின் மணச்சட்டைக்கு, அலைந்து திரிந்து பிடித்த துணியொன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"என் மணச்சட்டையும் இங்கே வெட்டியதுதான். பாயிடம் இத்தனை காலம் பழகியவன் வெட்டினால் போதும். கெட்டுப்போனால் மறுதுணிக்கு வழியில்லை, அம்மா," என்று சொல்லிப் போனார்.

ஷரஃபுதீனின் மனைவி அமீனா பீ, நாற்காலியில் சாய்ந்திருந்த கணவரின் கண்முன்னே துணியைப் பலகைமேல் விரித்தாள். "இதுவும் தவறினால் கடையைப் பூட்டிவிட்டு என் தம்பி வீட்டுத் தாழ்வாரத்தில் போய்க் கிடக்கவேண்டியதுதான்."

"எனக்கெங்கே அம்மா வெட்டத் தெரியும்?" என்றான் கபாலி. "தேநீர்க் கடைக்காரர் வீட்டுச் சண்டையெல்லாம் கேளுங்கள், ஒன்றுவிடாமல் சொல்கிறேன்."

"வாயைக் குறை. அவர் காட்டுவார், நீ பார்," என்று சொல்லி, விளக்குக்கு எண்ணெய் எடுக்க அவள் உள்ளே சென்றாள்.

தோள் சரியும் இடம், அக்குளில் விடவேண்டிய தளர்வு, மடிப்புக்கு மறைத்துவைக்கும் விரலகலம் என, வாழ்நாளெல்லாம் மறைத்த யாவும் திறவாத வாயிலில் திரண்டு முட்டிமோத, 'அருகே வா, சுண்ணத்தைப் பிடி' என்று அழைக்க எண்ணி, ஷரஃபுதீன் இடக்கையைத் தூக்கினார். விரல்கள் அசைந்தன.

கபாலியின் முகம் தெளிந்தது. "இதோ, பாய்," என்று தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

தொழில் பழகுவோரால் வரும் ஆதாயங்களை அடுக்கிய அந்த நா, தன் கை விழுந்தபின் எழுவதற்கு இன்னொரு கை இருக்கும் என்னும் ஆதாயத்தை மட்டும் ஒருநாளும் எண்ணியதில்லை. கற்பித்த ஒன்றை அவன் பிழையறக் கற்றிருந்தான்.

தேநீர் வந்தது. துணி முழுத்துணியாகவே கிடந்தது.