முந்தைய நாள் தேதி

அளவே எடுக்காமல் தம்பி செய்த முந்நூற்றுப் பன்னிரண்டு மரச்சாமான்களையும், அவன் செய்வதற்கு முந்தைய நாளே அண்ணன் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். இது தம்பிக்குப் பதினாறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அண்ணனுக்கு ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட வரைபடம் வேண்டும். தம்பியிடம் டேப்பும் கிடையாது, பென்சிலும் கிடையாது. பலகையை ஒரு பார்வை பார்ப்பான், உளியை எடுப்பான், மதியத்துக்குள் அலமாரி நிற்கும். கதவு ஒரு நூல்கூடப் பிசகாது. 'கண்ணளவு' என்றே ஊர் அவனைக் கூப்பிட்டது; அந்தப் பேரில் அவனுக்கு அப்படியொரு பெருமை. அவன் மனைவி கல்யாணத்துக்குச் சம்மதித்ததே, பேச்சோடு பேச்சாக அவன் செய்து கொடுத்த ஒரு நாற்காலியைப் பார்த்துத்தான்.

ஒரு நாள் யாருடைய போன் நம்பரையோ குறித்துக்கொள்ளப் பென்சில் தேடி, பட்டறையில் அண்ணனின் மேஜையைத் திறந்தான். உள்ளே கட்டுக் கட்டாகக் காகிதம். கட்டில், தொட்டில், அலமாரி, எல்லாம் அவன் செய்தவை. எல்லாவற்றிலும் முந்தைய நாள் தேதி. அந்த நாற்காலியும் இருந்தது. அதைப் பார்த்ததும் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் வரைஞ்சா உன் கை அந்த வழியிலயே போகுதுடா," என்றார் அண்ணன், கண்ணாடியைத் துடைத்தபடி. "நீ முதல்ல செஞ்ச பெஞ்சு கோணிப்போச்சே, ஞாபகம் இருக்கா? அதான் பயம்."

"கோணட்டுமே அண்ணே! என் கோணலாவது எனக்குன்னு இருந்திருக்குமே!"

துரோகம் செய்கிறவர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி! இவர் பாசத்தில் செய்தார். தம்பிக்கு வயிறு எரிந்ததே அதனால்தான். இனி ஒரே பட்டறையில் காலம் தள்ள முடியாது என்று முடிவு செய்து, கருவிகளை எடுத்துப்போக ஒரு பெட்டி செய்தான். வேண்டுமென்றே பலகையைக் கோணலாக அறுத்தான், கண்ணை மூடிக்கொண்டு ஆணி அடித்தான். பெட்டி ஜம்மென்று வந்தது. ஒவ்வோர் உளிக்கும் அதனதன் இடம். ஓடிப்போய் மேஜையைத் திறந்தான். அடியில் கிடந்த காகிதத்தில் அதே பெட்டி. தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது. 'அவன் போகும்போது' என்று கீழே எழுதியிருந்தது.

"நாலு வருஷமாவா என்னை அனுப்பப் பார்த்தீங்க?"

அண்ணன் உளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வழியெல்லாம் ஓர் உளிகூடச் சத்தம் போடவில்லை. இப்போது வேறு ஊரில் கடை, நன்றாகவே ஓடுகிறது. இன்னமும் டேப் கிடையாது. அலமாரி எப்படி வரும் என்று யாராவது கேட்டால், "எனக்கென்ன தெரியும்? எங்க அண்ணன் நேத்தே வரைஞ்சிருப்பார்," என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுக்கிறான்.