தும்மிய மரம்

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. கதைகளுக்கு இதைவிடக் கௌரவமான பிறப்புகள் உண்டு என்று எனக்குத் தெரியும். கனவில் வந்தது, ரயிலில் தோன்றியது என்று மற்ற எழுத்தாளர்கள் சொல்லும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். எனக்கு வாய்த்தது தும்மல். அதுவும் என்னுடையது இல்லை, ஒரு மரத்தினுடையது.

அக்காவும் நானும் ஒரு சிறுவர் நாடகத்துக்குப் போயிருந்தோம். எங்களோடு சிறுவர் யாரும் வரவில்லை. எங்களுக்கே பிடிக்கும், போனோம், அவ்வளவுதான். மேடை முழுக்க மந்திரக்காடு. அந்தக் காட்டில் பாதை இரண்டாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. அங்கே எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்காமல் அந்தி வரை நின்றவர்கள் எல்லாம் மரமாகிவிட்டார்கள். வழி தவறி வந்த ராணி ஒவ்வொரு மரமாகப் போய்க் கேட்கிறாள்: "மரமே, நான் எந்தப் பக்கம் போகட்டும்?" மரங்கள் பதில் சொல்லவில்லை. அதுகளுக்கே தெரியாது, பாவம்.

மூன்றாவது மரத்திடம் வந்தாள். கேட்டாள். அரங்கத்தில் குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். மரம் தும்மியது.

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. ராணி அசரவில்லை. "அட, காட்டுக்கும் ஜலதோஷமா!" என்றாள். இன்னும் சிரிப்பு. ஆனால் அதற்குப் பிறகு அவள் அடுத்த வசனத்தைச் சொல்லாமல் அந்த மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். என் பிழைப்பு அது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மரத்துக்குள் இருந்தவர் யார் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் ஒரு பெயரும் விலாசமும் கிடைக்கும், கதை போய்விடும். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

முதல் முயற்சி: "ஒரே ஓர் ஊரில் ஒரு காடு இருந்தது." ஊருக்குள் காடு எப்படி இருக்கும் என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. வரியை அடித்தேன்.

இரண்டாவது: "பகலிலும் இருள் விலகாத அந்த அடர்வனத்தின் ஆழத்தில், காலம் தன் காலடித் தடங்களை மறந்து" – போதும். இந்த மாதிரி வாக்கியங்கள் எனக்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

உண்மையில் என் சிக்கல் வேறு. கதைகளில் வரும் மரங்கள் பொதுவாகச் சரியான வாயாடிகள். வழிப்போக்கரைக் கூப்பிட்டு வரம் கொடுக்கும். திருடன் ஒளித்து வைத்ததைக் காட்டிக்கொடுக்கும். ராஜா யாருக்கும் தெரியக்கூடாது என்று காதோடு சொன்னதை ஊருக்கே ஒலிபரப்பும். இளவரசியை வயிற்றுக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு, தேடி வருகிறவனிடம் 'இங்கே யாரும் இல்லை' என்று கூசாமல் பொய் சொல்லும். அரண்மனையில் எதுவும் நடப்பதில்லை. யாராவது காட்டுக்குள் கால் வைத்தால்தான் கதை நகரும். போனவர் போனபடியே திரும்பியதும் இல்லை. தவளையாகவோ மானாகவோ கொஞ்சம் புத்தி வந்தவராகவோதான் திரும்புவார். இதையெல்லாம் மரங்கள் நின்று பார்த்திருக்கின்றன, பிறகு வாய் வலிக்கப் பேசியிருக்கின்றன.

எனக்குக் கிடைத்ததோ பேசாத மரம். நாம் யாரையாவது திட்டும்போது 'ஏன் மரம் மாதிரி நிக்கிற?' என்கிறோமே, அந்த வகை.

மூன்றாவது முயற்சி: "தச்சருக்கு மரமாக நிற்பது பிடிக்கும்." இது நின்றது. இதிலிருந்து போகலாம்.

3

தச்சருக்கு மரமாக நிற்பது பிடிக்கும்.

(முதலில் அவரைக் குடிகாரராக எழுதினேன். தும்மலுக்கும் குடிக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பக்கம் எழுதிய பிறகு உறைத்தது. பிறகு ஒரு காலத்தில் கதாநாயகனாக இருந்து வாய்ப்பிழந்த நடிகராக மாற்றினேன். அவர் ஓயாமல் புலம்பினார். அனுப்பிவிட்டேன்.)

தச்சர் அந்த நாடகக் குழுவுக்கு வந்தது மேடை செய்ய. சிம்மாசனம், படகு, கோட்டைக் கதவு எல்லாம் அவர் கைவேலை. நடிக்க வராது. ஒருமுறை காவலாளி வேடம் கொடுத்து, 'ராஜா வருகிறார்' என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். ராஜா வந்து, உட்கார்ந்து, தீர்ப்பு சொல்லி, எழுந்து போன பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை. அன்றிலிருந்து மரம்.

குழுவை நடத்துகிறவர் அவருடைய மனைவியின் அண்ணன். "மாப்பிள்ளை, உங்க மாதிரி நிக்கறதுக்கு ஆளே கிடையாது" என்பார். மனதாரத்தான் சொல்வார். மனைவிதான் எப்போதும் ராணி. கடைக்காரர்கள்கூட 'ராணிம்மா' என்றுதான் மிச்சச் சில்லறையை நீட்டுவார்கள். நானும் அவளை ராணி என்றே சொல்லப்போகிறேன்.

மரத்தில் கண்ணளவுக்கு ஒரு பொந்து வைத்திருந்தார். அதன் வழியே ராணி அழுவதையும் சிரிப்பதையும் ஒரு முழ தூரத்தில் பார்க்கலாம். வீட்டில் அப்படிப் பார்த்தால், 'என்ன, முகத்தில ஏதாவது ஒட்டியிருக்கா?' என்று கேட்பாள். மரமாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இத்தனை வருடக் கல்யாணத்துக்குப் பிறகும் அவருக்கு அவளைப் பார்க்க அலுக்கவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடம் உட்பட.*

* மரத்துக்குள் மூச்சுவிடுவது பற்றி: மூங்கில் சட்டத்தின் மேல் சாக்குத்துணி ஒட்டிச் சாயம் பூசிய மரம். வயிறு உப்பினால் அடிமரமும் உப்பும், குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ராணி பேசும்போது எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள், அப்போது மூச்சு விடலாம். அவள் நிறுத்தினால் இவரும் நிறுத்த வேண்டும். (இது நான் ஊகித்தது. சரியாக இருந்தால் சந்தோஷம்.)

4

இப்போது ஒரு தவறு நடக்க வேண்டும். தவறு இல்லாமல் கதை இல்லை.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். ராணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே வசனம் சொல்லிப் பார்ப்பாள். தச்சர் பின்கட்டில் பலகையோடு உட்கார்ந்திருப்பார். இடையில் சுவர். அவள் ஒரு வசனம் முடித்ததும் அவர் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவார். கேட்டுவிட்டேன், மேலே போ என்று அர்த்தம். பழைய நாடகம், புது நாடகம் எல்லாவற்றுக்கும் அதே தட்டுத்தான்.

அண்ணன்காரர் கொஞ்ச நாளாகப் புது நாடகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதில் ராணி நாட்டைவிட்டே போகிறாளாம். அவர் நாடகங்களில் ராணிகள் வீட்டுத் தமிழில்தான் பேசுவார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, வேற ஊர்ல இருந்து என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

தட்டு.

"போனா திரும்பி வர ஒரு வருஷம் ஆகும்."

தட்டு.

"ரொம்ப நாளா ஆசைப்பட்ட இடம். ஆனா நீங்க இல்லாம எப்படி இருப்பேன்னு தெரியல."

தட்டு.

குழாய் நின்றது.

"நான் போகட்டுமா?"

தச்சர் கையை ஓங்கி, மற்றவற்றைவிடப் பலமாக ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவு நன்றாக இருந்தது. இவள் இதுவரை இப்படி நடித்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் அவள் மறுபடி குழாயைத் திறந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒத்திகையும் இல்லை. எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது போல என்று அவர் இருந்துவிட்டார்.

இதுவரை படித்த அக்கா கொதித்துப்போனாள். "பொண்டாட்டி குரலுக்கும் ராணி குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா அந்த மனுஷனுக்கு?"

"அவ நல்ல நடிகைக்கா. நல்லா நடிக்கறவங்க வீட்டுக் குரல்லதான் பேசுவாங்க."

"சரி, அவளாவது எதிர்ல வந்து கேட்டிருக்கலாம்ல? எதுக்குச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவர் 'போ' என்று சொல்லிவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான். அக்கா அந்த இடத்தை மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு, "உன் கதையில ஒருத்தராவது வாயைத் திறந்து பேசினா என்னவாம்" என்று தாளை என் மடியில் போட்டாள்.

5

ஆட்டத்துக்கு முன்னால் மரத்தின் முதுகில் கயிறு கோத்து இறுக்க வேண்டும். அண்ணன்காரர்தான் இறுக்குவார். தச்சர் உள்ளே இருந்தபடியே பேச்சுக் கொடுத்தார்.

"மச்சான், புது நாடகத்தில ராணி கடைசியில திரும்பி வந்துடுவாளா?"

"எந்தப் புது நாடகம்?"

"அதான், வேற ஊருக்குப் போறாளே. 'நான் போகட்டுமா'ன்னு கேப்பாளே."

"நான் இன்னும் ஒரு வரிகூட எழுதல மாப்பிள்ளை." கயிறு நின்றது. "அவ உங்ககிட்ட கேட்டேன்னாளே? நீங்க போகச் சொல்லிட்டீங்கன்னு சொன்னாளே? இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் கூப்பிட்டவங்களுக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லப்போறா."

மணி அடித்தது. அண்ணன்காரர் அவசரமாகக் கடைசி முடிச்சைப் போட்டார். இரண்டு பேர் மரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் மேடையில் நிறுத்தினார்கள்.

(ஒரு மனிதரைச் சாக்குக்குள் கட்டி வைத்துவிட்டு, உன் வீடு இடிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் எப்படி?)

திரை விலகியது. ராணி முதல் மரத்திடம் கேட்டாள். இரண்டாவது மரத்திடம் கேட்டாள். பிறகு அவர் முன்னால் வந்து நின்றாள். பொந்து வழியே முகம் தெரிந்தது. "மரமே, நான் எந்தப் பக்கம் போகட்டும்?" என்று நூறு தடவை கேட்டிருக்கிறாள். இன்றைக்குக் கேட்டுவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காத்திருந்தாள். அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது.

தச்சர் முடிவு செய்தார். நாடகம் கெட்டால் கெடட்டும். வாயைத் திறந்தார். இத்தனை வருடமாக மரத்துக்குள் வாயைத் திறக்காத மனிதர் அவர்; சாக்கு நாரும் சாயத் தூளும் மூக்குக்கும் தொண்டைக்கும் ஒன்றாகப் போயின.

மீதி உங்களுக்குத் தெரியும்.

6

முடிவுகள்.

அ) இது தேவதைக் கதை என்பதால் மந்திரம் வேண்டாமா என்று நினைத்து எழுதியது: ஆட்டம் முடிந்து கயிற்றை அவிழ்க்கிறார்கள். அவிழவில்லை. சாக்கு பட்டையாகிவிட்டது. தச்சரின் காலிலிருந்து வேர் இறங்கி மேடைப் பலகைக்குள் – "பாவம்டி" என்றாள் அக்கா. நிறுத்திவிட்டேன்.

ஆ) தச்சர் மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறார். ராணியின் கையைப் பிடிக்கிறார். குழந்தைகள் கைதட்டுகிறார்கள். அக்காவும் கைதட்டினாள். ஆனால் தானே பொருத்திய மூங்கில் சட்டத்தை எந்தத் தச்சரும் உடைக்க மாட்டார். தவிர, ஊர் முன்னால் கையைப் பிடித்தால் அவள் எப்படி யோசித்துப் பதில் சொல்வாள்? அடித்தேன்.

இ) அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போய்விடுகிறாள். அவர் தினமும் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து... இதை ஒரே மூச்சில் எழுதினேன். கண்ணீரும் வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததால்தான் சந்தேகப்பட்டேன். சோகமாக முடித்தால் ஆழமாக எழுதியதாக நினைப்பார்கள் என்று ஒரு சபலம் எல்லோருக்கும் உண்டு. அதையும் அடித்தேன்.

ஆட்டம் முடிந்தது. ஒப்பனை அறை. இதை நான் அடிக்கவில்லை.

ராணி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முகச்சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் பக்கத்தில் இருந்தது. தச்சர் வாசலில் வந்து நின்றார்.

"உடம்பு சரியில்லையா?" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு நான்... ஒத்திகைன்னு நெனச்சுட்டேன்."

"எதை?"

"பாத்திரம் கழுவறப்ப நீ கேட்டதை."

துடைத்த கை நின்றது. அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. முதலில் சிரித்தாள். பாதி முகம் ராணியாகவும் பாதி முகம் அவளாகவும் இருக்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று நீர் மட்டும் வந்தது.

"அந்தக் கடைசித் தட்டு தட்டினீங்களே," என்றாள். "அவ்வளவு பலமா."

"நீ அவ்வளவு நல்லா நடிச்சேன்னு நெனச்சேன்."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். இப்போது இடையில் கண்ணாடி இல்லை, சுவர் இல்லை.

"இப்ப நேராப் பார்த்துக் கேக்கறேன். நான் போகட்டுமா?"

7

அடுத்து தச்சரின் பதில். அதை எழுத வேண்டியவள் நான்.

எழுதினேன். "நானும் வரேன்." அடித்தேன். "போகாத." அடித்தேன். "போயிட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்." இது எனக்கே பிடித்திருந்தது, அதனால் இரண்டு முறை அடித்தேன். எதுவும் மோசமில்லை. ஆனால் எல்லாம் என்னுடைய வசனம். ராணியோ வாழ்நாள் முழுக்க யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசியவள். எழுதிய வசனம் எது, வாயில் வந்த பேச்சு எது என்று அவளுக்கு நொடியில் தெரிந்துவிடும். நான் ஒரு வரி எழுதிக் கொடுத்து அவர் அதைச் சொன்னால், அவள் மறுபடியும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

"'நானும் வரேன்'னு சொல்ல வையேன்டி, உனக்கு என்ன குறைஞ்சுபோகும்?" என்று அக்கா என் தோளைப் பிடித்து உலுக்குகிறாள்.

முடியாது அக்கா. பேனாவை மூடிவிட்டேன்.

உங்களுக்கும் ஒரு பதில் நாக்கு நுனியில் நிற்கும், எனக்குத் தெரியும். தயவுசெய்து எடுத்துக்கொடுக்காதீர்கள். அவருக்கு நேரம் ஆகும். பரவாயில்லை, அவள் காத்திருக்கிறாள், போனைத் தொடவில்லை. அவர் தொண்டையைக் கனைக்கிறார். முதல் வார்த்தை வந்துவிட்டது, கொஞ்சம் திக்குகிறது, ஆனால் அவருடையது. இதற்குமேல் நாம் இங்கே நிற்பது அழகில்லை.

வாருங்கள், வெளியே போகலாம். கடைசியாக வருகிறவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிடுங்கள்.