இரண்டு மூட்டைக் களிமண்

புட்டி தண்ணீரில் விழுந்தபோது பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. நாற்றுப்பண்ணை நடைபாதையில் மண்டிக் கிடந்த கோரைக்கு அடிப்பதற்காகப் பெரியவள் களைக்கொல்லியைத் தெளிப்பானில் கலந்துகொண்டிருந்தாள். நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து, அதன் விளிம்பிலேயே புட்டியையும் வைத்துவிட்டு, வாளியை எடுக்கத் திரும்பினாள். முழங்கை பட்டது. குப்புறப் படுத்து, துழாவித் துழாவி அவள் புட்டியை மேலே எடுத்தபோது அதற்குள் இருந்தது வெறும் தண்ணீர். பாதிப் புட்டி மருந்து போன இடம் தெரியவில்லை. அடியில் இருக்கும் சிமெண்டுப் பூச்சு தெரிகிற அளவுக்குத் தொட்டி தெளிவாகவே இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கலங்கியிருந்தாலாவது பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

தொட்டி இரண்டு வீட்டுக்கும் பொது. ஒரு வீட்டில் அவளும் கணவனும். சுவருக்கு அந்தப் பக்கம் கணவனின் தம்பியும் அவன் மனைவியும். தம்பி மனைவியை எல்லோரும் சின்னவள் என்பார்கள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது.

கையை எங்கே கழுவுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் உறுமத் தொடங்கியது. சின்னவள் சுவிட்சைப் போட்டுவிட்டாள். பெரியவள் ஓடினாள். செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுகொண்டது. பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எத்தனை நேரம் ஓடியது? பத்து நொடியா, ஒரு நிமிஷமா? மோட்டார் ஓடும்போது சமையலறைக் குழாயில் தண்ணீர் தொட்டியிலிருந்து நேராகத்தான் வரும்.

"அக்கா, மோட்டார் நின்னுடுச்சு!" ஜன்னலில் சின்னவளின் முகம்.

"சூடாயிடுச்சு போல. இப்ப போடாத. குழாய்லயும் பிடிக்காத, துரு வருது."

"துருவா? இப்பதானே ஒரு டம்ளர் குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

வாய் எப்படி இவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னது என்று பெரியவளுக்கு விளங்கவில்லை. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில்தான் இருந்தது. சின்னவளின் கை வழக்கம்போல வயிற்றின்மேல் இருந்ததைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவள் ஒரு மாதம் யாருடனும் பேசவில்லை. சோறு ஊட்டியது பெரியவள்தான்.

தொட்டிக்குக் கீழே, சரிவு தொடங்கும் இடத்தில், கழுவித் திறந்துவிடுவதற்கான வால்வு இருந்தது. திருகினால் கால் மணி நேரத்தில் எல்லாம் வடிந்துவிடும். புதுத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் கையை அதன்மேல் வைத்தாள், அரைத் திருகும் திருகிவிட்டாள். சரிவு முழுக்க மணல். அதன் முடிவில் பள்ளிக்கூடத்துக் கிணறு. முதல் சொட்டு மணலில் விழுந்து மறைந்ததைப் பார்த்தவுடன் பதறி, இரண்டு கையாலும் மூடினாள். பிறகு காலிப் பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, மருந்துப் புட்டியையும் ஒரு பையில் சுற்றிக்கொண்டு, நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே இருந்த அம்மா புட்டியின் லேபிளைப் படித்ததும் கையுறை மாட்டிக்கொண்டாள். சோதனைக்குழாயில் தண்ணீரை ஊற்றி, இரண்டு விதமான வெள்ளைப் பொடியைப் போட்டு ஆட்டினாள். வெளுத்த நீலம் ஒன்று மெதுவாகப் பரவியது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"யாராவது குடிச்சாங்களா?"

"ஒருத்தி. ஒரு டம்ளர். மாசமா இருக்கா."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அவங்ககிட்ட சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"என்கிட்ட வந்து சொல்லத் தெரிஞ்சுதுல்ல? முதல்ல போனைப் போடுங்க. மருந்துப் பேரையும் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அதுக்கப்புறம் தண்ணியப் பத்திப் பேசலாம்."

அவள் போன் செய்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஏன்க்கா மோட்டார் சூடுன்னு சொன்னீங்க?" என்றாள் சின்னவள். இணைப்பு அறுந்தது.

பரிசோதனைக்கூடத்து அம்மா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பெரியவளால் அந்த டம்ளரை வாயருகே கொண்டுபோக முடியவில்லை. "திறந்து மட்டும் விட்டுடாதீங்க," என்றாள் அந்த அம்மா. "இந்த மருந்துக்குக் களிமண்ணுன்னா உயிரு. ஒட்டிக்கிச்சுன்னா விடாது. உங்க ஊரு மணலு அதைப் பிடிச்சு வைக்காது, அதான் பிரச்சினை. போர் போடறவங்க குழியில கலக்கற பொடி இருக்கே, பென்டோனைட்டு, அதை வாங்குங்க. பேருதான் டாக்டரு பேரு மாதிரி, வெறும் களிமண்ணுதான். கரைச்சு ஊத்திக் கலக்கிவிட்டு, படிகாரம் போட்டுத் தெளிய வைங்க. மேல் தண்ணிய எடுத்துட்டு வாங்க, பார்ப்போம். அடியில தங்கற சேறு ஒரு துளி வெளிய போகக்கூடாது. ஒரு மூட்டை தாராளம்."

அவள் இரண்டு மூட்டை வாங்கினாள்.

மத்தியானம் முழுக்க அவளும் கணவனும் வேலை செய்தார்கள். பொடி லேசில் கரையவில்லை. வெளியே வழுவழுப்பு, உள்ளே காய்ந்த மாவு என்று உருண்டை உருண்டையாகத் திரண்டது. ஒவ்வொரு உருண்டையையும் அவள் வாளிக்குள் விரலால் நசுக்கினாள். கணவன் மூங்கிலை விட்டுத் தொட்டியைக் கலக்கினான். தெளிவாக இருந்த தண்ணீர் சாம்பல் நிறமாகி அடி மறைந்தபோது அவளுக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது. சாயங்காலம் கொழுந்தன் போன் செய்தான். சிறுநீரில் நீலம் காட்டவில்லையாம். குடித்தது சொற்பம்தானாம். ஆனாலும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டுமாம்.

"குழந்தை?" என்றான் கணவன்.

"துடிப்பு இருக்காம். மத்தது போகப் போகத்தான் தெரியுமாம். அண்ணிகிட்ட பேசறியான்னு கேட்டேன், இவ வேணாங்கறா."

மூன்றாம் நாள் மேல் தண்ணீரில் நீலம் வரவில்லை. அந்த அம்மா அதோடு விடாமல் பெரிய கூடத்துக்கும் அனுப்பினாள். இயந்திரத்துக்கும் எதுவும் தட்டுப்படவில்லை என்று தாள் வந்தது. பெரியவள் அதைச் சின்னவள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தாள். மறுநாளும் அந்த வீட்டுக்குக் கேன் தண்ணீர்தான் வந்து இறங்கியது.

மேல் தண்ணீரை இறைத்துவிட்டு, அடிச்சேற்றை வாளி வாளியாக அள்ளி, முற்றத்தில் செங்கல் வரம்பு கட்டி விரித்த தார்ப்பாயில் காயப் போட்டிருந்தார்கள். காய்ந்ததும் டிரம்மில் அடைத்துத் தர வேண்டும், நச்சுக்கழிவு எடுக்கும் ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். பெரியவள் அதற்குக் காவல் மாதிரி இருந்தாள். ஒட்டிக்கொண்டது விடாது என்று அந்த அம்மா சொன்னதைத் தனக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்தச் சாம்பல் சேற்றைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அது எதையோ அடக்கிவைத்திருப்பது போலத்தான் இருந்தது.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு, அறிகுறியே இல்லாமல் மழை பிடித்துக்கொண்டது. கணவன் வீட்டில் இல்லை. அவள் இன்னொரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினாள். காற்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கி முகத்தில் அடித்தது. ஒரு பக்கத்தைக் காலால் மிதித்தால் மறுபக்கம் எழுந்தது. சேற்றின்மேல் துளிகள் குழி குழியாக விழுந்தன. வரம்பின் ஓர் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் நீர் தேங்கி, செங்கல்லைத் தாண்ட ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது தார்ப்பாய் சட்டென்று நேரானது. எதிர்முனையைச் சின்னவள் பிடித்திருந்தாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"நீ உள்ள போ! கிட்ட வராத!" என்று பெரியவள் கத்தினாள்.

"தாழப் பிடிங்கக்கா, அந்தப் பக்கம் ஓடுது," என்றாள் சின்னவள்.

சொல்லிவிட்டு, ஒரு கையை முதுகுக்குக் கொடுத்து மெல்ல மண்டியிட்டு, தன் முனையைச் செங்கல்லோடு சேர்த்து அழுத்தினாள். பெரியவளும் மண்டியிட்டாள். தார்ப்பாயின்மேல் மழை அறைந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், நான்கு கைகளுக்கும் அடியில் ஏதாவது கசிகிறதா என்று செங்கல் இடுக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.